ரெண்டாவது கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

இன்னைக்கு எபிசோடு இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு, குறிப்பா மூணாவது, நாலாவது வருஷத்துல இருக்கறவங்களுக்கு. ஏற்கெனவே வேலைக்குப் போயிட்டவங்க, வீட்ல தம்பி தங்கச்சி யாராவது படிச்சா அவங்களுக்கு இதை அனுப்பி வைங்க.

கொஞ்ச நாளா நமக்கு வர்ற மெயில்கள்ல ஒரே கேள்விதான் வேற வேற மாதிரி வருது. "அண்ணா, எங்களது சாதாரண காலேஜ். எந்த கோர்ஸ் சேர்ந்தா வேலை கிடைக்கும்?" "இருபதாயிரம் கட்டினா இன்டர்ன்ஷிப்பும் சர்டிபிகேட்டும் தர்றாங்களாம், கட்டலாமா?" "ஃபைனல் இயர் ப்ராஜெக்டை வெளில வாங்கிட்டா தப்பா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கட்டாதீங்க, வாங்காதீங்க. இதை நீதி போதனையா சொல்லலை. அந்தப் பணம் உங்களுக்கு வேலை வாங்கித் தராது, அதான் காரணம். எப்படித் தெரியும்னு கேட்டா, கடந்த மூணு வருஷமா எங்க கம்பெனில ஃப்ரெஷர் இன்டர்வியூ எடுக்கறவங்கள்ல நானும் ஒருத்தன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்குது. முதல் கேள்விக்கு எல்லாருமே பதில் சொல்லிடறாங்க. ரெண்டாவது கேள்வியிலதான் விழறாங்க.

"உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" அப்படின்னு கேட்டா, ரெண்டு நிமிஷம் நிறுத்தாம சொல்வாங்க. "சரி, டேட்டாபேஸுக்கு ஏன் மாங்கோ டிபி எடுத்தீங்க?" அமைதி. "ஹேஷ் மேப்னா என்ன?" டெஃபனிஷன் அப்படியே வரும். "அதை எங்க பயன்படுத்தக் கூடாது?" மறுபடியும் அமைதி. அந்த அமைதிக்கு முன்னாடி மார்க், சர்டிபிகேட், ரெஸ்யூமே டிசைன் எதுவும் நிக்காது. அதனால இன்னைக்குப் பேசப் போறது அந்த ரெண்டாவது கேள்விக்கு எப்படித் தயாராவது என்பதைப் பத்தித்தான்.

எத்தனை வாசல் இருக்கு?

முதல்ல கேம்பஸ் எப்படி நடக்குதுன்னு பார்த்துடலாம். பெரும்பாலும் நாலு வாசல். முதல் வாசல் தகுதி. பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் மூணுலயும் 60 சதவீதம், இல்லைன்னா சிஜிபிஏ 7-க்கு மேல, ஸ்டேண்டிங் அரியர் இருக்கக் கூடாது. இந்த மாதிரி ஒரு வரி பல அறிவிப்புகள்ல இருக்கும். ரெண்டாவது வாசல் ஆன்லைன் டெஸ்ட், அதாவது ஆப்டிட்யூடும் கோடிங்கும். மூணாவது டெக்னிக்கல் இன்டர்வியூ. நாலாவது ஹெச்ஆர்.

முதல் வாசலைப் பத்தி ஒரே ஒரு விஷயம். கையில அரியர் இருந்தா, லீட்கோட்ல நூறு கணக்கு போடறதை விட அந்தப் பேப்பரை முடிக்கறதுதான் உங்க முதல் வேலை. அந்த ஒரு பேப்பரால உங்க பேரு லிஸ்ட்லயே வராது. உங்க திறமையை யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே எக்செல் ஷீட்ல ஒரு ஃபில்டர் உங்களைத் தள்ளிடும்.

ரெண்டாவது வாசல்ல பலருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. டிசிஎஸ் நடத்தற என்க்யூடி தேர்வை எடுத்துக்கங்க. ஒரே தேர்வுதான், ஆனா நீங்க எப்படி எழுதறீங்க என்பதைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம்னு வேற வேற வேலைக்குக் கூப்பிடுவாங்க. நிஞ்சாவுக்கு வருஷத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம். டிஜிட்டலுக்கு சுமார் 7 லட்சம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. காக்னிசன்ட்ல ஜென்சி, ஜென்சி நெக்ஸ்ட்னும் இன்ஃபோசிஸ்ல ஸ்பெஷலிஸ்ட் புரோகிராமர்னும் இதே மாதிரி படிகள் உண்டு. கல்விக் கடன் இருக்கற வீட்டுக்கு இந்த வித்தியாசம் என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தை முடிவு பண்றதுல பெரிய பங்கு கோடிங் பகுதிக்குத்தான்.

ஆப்டிட்யூடை ஒதுக்கச் சொல்லலை. நேரமும் தூரமும், சதவீதம், வேலையும் நாளும், தொடர் எண்கள் எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். கடினம் கணக்குல இல்லை, நேரத்துல இருக்கு. தினமும் 20 நிமிஷம், கைக்கடிகாரம் வச்சுக்கிட்டுப் போடுங்க. ரெண்டு மாசம் போதும்.

கோடிங்: எண்ணிக்கையை விடுங்க, வாயைத் திறங்க

எந்த லாங்குவேஜ் படிக்கறதுன்னு ஒரு மாசம் யோசிக்காதீங்க. சி, ஜாவா, பைத்தான் மூணுல உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிஞ்சது எதுவோ அதை எடுங்க. எடுத்துட்டா மாத்தாதீங்க. நல்ல இலவசப் பாடம் வேணும்னா என்பிடிஇஎல்-ல சென்னை கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான்ல நடத்தின டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் பாடம் இருக்கு. வீடியோ பார்க்கப் பைசா வேண்டாம்.

"அண்ணா, நான் 300 ப்ராப்ளம் முடிச்சுட்டேன்" அப்படின்னு சொல்றவங்க நிறைய. ரொம்ப நல்லது. ஆனா அதுல ஒரு 30-ஐ இன்னொருத்தருக்கு விளக்க முடியுமா? ஒரு உதாரணம் சொல்றேன்.

10,000 ரோல் நம்பர் இருக்கற ஒரு பட்டியல். அதுல எந்த நம்பராவது ரெண்டு தடவை வந்திருக்கான்னு கண்டுபிடிக்கணும். முதல் யோசனை, ஒவ்வொரு நம்பரையும் மத்த எல்லா நம்பரோடவும் ஒப்பிடறது. லூப்புக்குள்ள லூப். தப்பே இல்லை, இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். ஆனா எத்தனை ஒப்பீடு வரும்னு சேர்த்துச் சொல்லணும்: கிட்டத்தட்ட 5 கோடி. அடுத்து, பட்டியலை வரிசைப்படுத்திட்டா ஒரே நம்பர் பக்கத்துப் பக்கத்துல வந்து நின்னுடும். ஒரு தடவை நடந்து பார்த்தா போதும். மூணாவது வழி, பார்த்த நம்பரை எல்லாம் ஒரு ஹேஷ் செட்ல போட்டுக்கிட்டே போறது. புதுசா வர்ற நம்பர் ஏற்கெனவே உள்ள இருந்தா அதுதான் விடை. 10,000 தடவை பார்த்தாலே முடிஞ்சது.

இப்ப ரெண்டாவது கேள்வி வரும். "ஹேஷ் செட்தான் வேகம்னா, வரிசைப்படுத்தற வழியை யார் எடுப்பாங்க?" விடை: ஹேஷ் செட்டுக்குத் தனியா மெமரி வேணும். மெமரி கம்மியா இருக்கற இடத்துல, பட்டியல்லயே மாத்தம் பண்ண அனுமதி இருந்தா, வரிசைப்படுத்தறது நல்ல வழி. வேகத்துக்கு மெமரியை விலையா கொடுக்கறோம். இந்த ஒரு வரி உங்க வாயில இருந்து வந்தா எனக்குப் போதும். கோட்ல ஒரு செமிகோலன் விட்டுப் போனா கூட நான் கவலைப்பட மாட்டேன்.

அதனால ஒவ்வொரு கணக்குக்கும் நாலு படி வச்சுக்கங்க. கேள்வியைத் திருப்பிச் சொல்லி, சந்தேகம் கேளுங்க: பட்டியல் காலியா இருக்கலாமா? ரொம்பப் பெரிசா? அடுத்து, மனசுல முதல்ல வர்ற எளிய வழியைச் சொல்லுங்க. மூணாவது, அதோட செலவைச் சொல்லி அதைக் குறைக்கப் பாருங்க. கடைசியா எழுதுங்க, எழுதி முடிச்சதும் ஒரு சின்ன உதாரணத்தைக் கையால ஓட்டிக் காட்டுங்க. நிறைய பேர் நாலாவது படியில ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சுடறாங்க.

தமிழ்ல ஆரம்பிங்க

இங்க ஒரு பெரிய பயம் இருக்கு, அதைத் தாண்டிப் போக முடியாது. இங்கிலீஷ். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவங்களுக்கு விடை தெரிஞ்சும் வாய் திறக்காம போறதை நான் பார்த்திருக்கேன். ஒரே நேரத்துல யோசிக்கவும் வேணும், மொழிபெயர்க்கவும் வேணும். ரெண்டு பாரம் தலையில.

நான் சொல்ற வழி இது. முதல்ல தமிழ்ல விளக்குங்க. ரூம்மேட்டுக்கு, இல்லைன்னா போன் ரெக்கார்டருக்கு. தமிழ்ல விளக்கும்போது தடுமாறினா, பிரச்சினை இங்கிலீஷ் இல்லை, விஷயம் இன்னும் புரியலைன்னு தெரிஞ்சுடும். தமிழ்ல தடையில்லாம வந்ததுக்கு அப்புறம் அதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க. இலக்கியமா பேச வேண்டாம். "ஃபர்ஸ்ட் ஐ வில் சார்ட் த லிஸ்ட். தென் ஐ வில் செக் த நெய்பர்ஸ். திஸ் நீட்ஸ் நோ எக்ஸ்ட்ரா மெமரி, ஐ திங்க்." இவ்வளவுதான். இந்த மூணு வாக்கியம் பேசறவரை இங்கிலீஷுக்காக நிராகரிக்கறவங்களை நான் வேலை செய்யற இடத்துல பார்த்ததில்லை. ஒண்ணுமே பேசாதவரை நிராகரிக்கறது தினமும் நடக்குது.

ப்ராஜெக்ட்: உங்க வீட்டுப் பக்கம் பாருங்க

இப்ப அந்த ப்ராஜெக்ட் விஷயம். நம்ம ஊர்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கற பழக்கம் எல்லாருக்கும் தெரியும். தலைப்பு, கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து ஒரு விலை. காலேஜ் வைவால அது தப்பிச்சுடும். இன்டர்வியூல தப்பிக்காது. "ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம்" அப்படின்னு ரெஸ்யூமேல இருந்தா, நான் கேட்கறது ஒண்ணுதான்: "ரெட்டைப் பிள்ளைங்க வந்தா உங்க சிஸ்டம் என்ன பண்ணும்?" சொந்தமா செஞ்சவருக்கு விடை தெரியலைன்னாலும் ஒரு சிரிப்பு வரும், யோசிக்க ஆரம்பிப்பார். வாங்கினவர் முகம் வெளுத்துடும்.

ஏஐ-க்கும் இதே அளவுகோல்தான். சாட்ஜிபிடி, கோபைலட் பயன்படுத்தாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆபீஸ்ல நாங்களே பயன்படுத்தறோம். ஆனா அது எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் ஏன் அங்க இருக்குன்னு உங்களால சொல்ல முடியணும். முடியலைன்னா அது ஓசில வாங்கின ப்ராஜெக்ட், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப என்ன செய்யறது? உங்க வீட்டைச் சுத்திப் பாருங்க. அம்மா சேர்ந்திருக்கற ஏலச்சீட்டு, அப்பா கடையோட கடன் நோட்டு, ஹாஸ்டல் மெஸ்ல தினமும் எத்தனை பேருக்குச் சமைக்கறதுங்கற கணக்கு. அதுல ஒண்ணு எடுங்க. சீட்டையே எடுத்துக்கலாம்.

20 பேர், மாசம் 5,000 ரூபாய், மொத்தம் 1 லட்சம். இந்த மாசம் ஒருத்தர் 82,000-க்கு ஏலம் எடுக்கறார். மீதி 18,000. சீட்டு நடத்தறவருக்கு 5,000 கமிஷன் போக, 13,000-ஐ 20 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 650. ஆக இந்த மாசம் எல்லாரும் கட்ட வேண்டியது 4,350. கேட்க எளிமையா இருக்கு, இல்லையா? இதை ஒரு சின்ன வெப் அப்ளிகேஷனா எழுதிப் பாருங்க, கேள்விகள் தானா வரும்.

20 பேருக்குப் பதிலா 21 பேர்னா? 13,000-ஐ 21-ஆல வகுத்தா ஆளுக்கு 619 ரூபாய் 4 பைசா, 16 பைசா மிஞ்சும். அது யாருக்குப் போகும்? பணத்தை தசம எண்ணா, ஃப்ளோட்ல வச்சா என்ன ஆகும்? பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிட்டு, அது 0.3-க்குச் சமமான்னு கேட்டுப் பாருங்க. இல்லைன்னு சொல்லும். அதனால பணத்தைப் பைசாவா மாத்தி முழு எண்ணா வைக்கணும்னு நீங்களே கண்டுபிடிப்பீங்க. நெட் மெதுவா இருக்கறப்ப யாராவது "கட்டியாச்சு" பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா, ரெண்டு தடவை பதிவாகுமா? உறுப்பினர், மாசம், கட்டின தொகை எல்லாத்தையும் ஒரே டேபிள்ல வச்சா, ஒருத்தர் போன் நம்பர் மாறும்போது எத்தனை இடத்துல மாத்தணும்? இதுதான் நார்மலைசேஷன். புத்தகத்துல நீங்க மனப்பாடம் பண்ண அதே விஷயம், இப்ப அம்மாவோட சீட்டு நோட்டுல உட்கார்ந்திருக்கு.

இந்த ப்ராஜெக்டோட வந்தா ரெண்டாவது கேள்வி மட்டும் இல்லை, ஆறாவது கேள்வி வரைக்கும் நீங்க நிப்பீங்க. தமிழ்நாட்ல சோஹோ மாதிரி கம்பெனிகள்ல டிக்கெட் புக்கிங், டாக்ஸி புக்கிங் மாதிரி ஒரு முழு அப்ளிகேஷனை அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொல்ற சுற்று இருக்கு. சீட்டு அப்ளிகேஷனை சொந்தமா எழுதினவருக்கு அது புது விஷயமா தெரியாது.

கோடை கிட்ஹப்ல போடுங்க. என்ன செய்யுது, எப்படி ஓட்டறது, எது இன்னும் சரியா வரலைன்னு அரைப் பக்கம் எழுதி வைங்க. ரெஸ்யூமே ஒரே பக்கம். அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் நீங்களே எனக்குக் கொடுக்கற கேள்வித்தாள். பதில் தெரியாத வரியை அழிச்சுடுங்க.

இன்டர்ன்ஷிப்: யார் யாருக்குக் காசு கொடுக்கறாங்க?

இன்டர்ன்ஷிப்னு ஒண்ணு வந்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பணம் எந்தப் பக்கம் போகுது? அவங்க உங்களுக்குக் கொடுத்தா நல்லது. யாரும் யாருக்கும் கொடுக்கலைன்னா யோசிக்கலாம். நீங்க அவங்களுக்குக் கொடுத்தா அது இன்டர்ன்ஷிப் இல்லை, டியூஷன். டியூஷனாவது நல்ல டியூஷனான்னு பார்த்து முடிவு பண்ணுங்க. ரெண்டு, நீங்க எழுதற கோடை அனுபவமுள்ள ஒருத்தர் படிச்சுத் திருத்துவாரா? ஆமான்னா, மூணு பேர் இருக்கற சின்ன கம்பெனியா இருந்தாலும் போங்க. திருத்த ஆள் இல்லைன்னா, பெரிய பேரா இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப் போறது ஒரு காகிதம்.

கம்பெனி கிடைக்கலையா? ஓப்பன் சோர்ஸ் இருக்கு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-ல இருந்து நடக்குது, தேர்வாறவங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. உடனே அதுக்குப் போக முடியலைன்னா, நீங்க பயன்படுத்தற ஏதாவது ஒரு சாஃப்ட்வேர்ல தமிழ் எழுத்து சரியா வராத ஒரு இடத்தைத் திருத்துங்க. தெரியாத ஒருத்தர் உங்க கோடைப் படிச்சு, "இங்க மாத்துங்க"ன்னு சொல்றதை ஏத்துக்கிட்டு மாத்தறீங்க பாருங்க, ஆபீஸ்ல தினமும் நடக்கறது அதுதான். 2022-ல தொடங்கின "நான் முதல்வன்" திட்டத்துல உங்க காலேஜ்ல நடக்கற வகுப்புகளையும் அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்காராம பாருங்க. காசு கட்டி வெளில படிக்கற பல விஷயம் அதுலயே இருக்கும்.

ஆறு மாசக் கணக்கு

ஏழாவது செமஸ்டர் ஆரம்பிக்கும்போதே பல காலேஜ்ல கம்பெனிகள் வர ஆரம்பிச்சுடும். அப்படின்னா உங்களுக்கு நிஜமா இருக்கறது ஆறாவது செமஸ்டரும் அதுக்கு அப்புறம் வர்ற லீவும்தான். முதல் ரெண்டு மாசம்: ஒரு லாங்குவேஜ், அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ஸ்டாக், கியூ, கூடவே ஆப்டிட்யூட். அடுத்த ரெண்டு மாசம்: லிங்க்டு லிஸ்ட், ட்ரீ, ரிகர்ஷன், எஸ்க்யூஎல். ப்ராஜெக்டை இங்க ஆரம்பிங்க. கடைசி ரெண்டு மாசம்: ஓஎஸ், நெட்வொர்க் அடிப்படை, ப்ராஜெக்டை முடிக்கறது, வாரம் ரெண்டு மாக் இன்டர்வியூ. மாக் இன்டர்வியூவுக்குக் காசு கட்ட வேண்டாம். ஹாஸ்டல்ல மூணு பேர் சேருங்க. ஒருத்தர் கேட்கணும், ஒருத்தர் சொல்லணும், மூணாவது ஆள் எங்க அமைதி வந்துச்சுன்னு குறிச்சுக்கணும். அந்தக் குறிப்புதான் அடுத்த வாரத்துக்கு உங்க சிலபஸ்.

தினமும் ரெண்டு மணி நேரம் போதும். ஏற்கெனவே நாலாவது வருஷம் வந்துட்டீங்கன்னா, பட்டியலைப் பாதியாக்குங்க, ஆனா ப்ராஜெக்டையும் வாய் விட்டு விளக்கறதையும் விடாதீங்க.

கடைசியா ஒண்ணு. ஆஃபர் லெட்டர் வந்ததும் படிப்பை நிறுத்தாதீங்க. 2022-ல படிச்சு முடிச்ச பல பேர் கையில ஆஃபர் இருந்தும் சேர்ற தேதிக்காக மாசக்கணக்கா காத்திருந்தது செய்தியிலயே வந்தது. அந்தக் காத்திருப்புல பயிற்சியை விடாதவங்களுக்கு வேற கதவைத் தட்ட முடிஞ்சது. கேம்பஸ்ல கிடைக்காதவங்களுக்கும் இதையேதான் சொல்றேன். கேம்பஸ் முடிஞ்சா வாய்ப்பு முடிஞ்சுடுச்சுன்னு வீட்ல சொந்தக்காரங்க பேசுவாங்க. எங்க டீம்லயே பாதிப் பேர் ஆஃப் கேம்பஸ்ல வந்தவங்க. அவங்க எந்த வாசல் வழியா வந்தாங்கன்னு இப்ப யாரும் கேட்கறதில்லை.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க செஞ்ச ஏதாவது ஒண்ணை, அது பத்து வரி கோடா இருந்தாலும் பரவாயில்லை, அஞ்சு நிமிஷம் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் அதைக் கேட்டுட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஏன்?"னு நீங்களே கேளுங்க. பதில் வராத இடத்தை மட்டும் ஒரு நோட்ல எழுதுங்க. அந்தப் பக்கத்தை எனக்கு மெயில்ல அனுப்புங்க. அடிக்கடி வர்ற "ஏன்"களை எடுத்து அடுத்த எபிசோடுல பேசலாம்.

அதுவரைக்கும் நல்லாப் படிங்க, நல்லாத் தூங்குங்க.